சேகரிப்பு அட்டைகளின் விலை மதிப்பீடு

விளையாட்டு வீரர்கள், கதாபாத்திரங்கள் முதலிய படங்களுடன் தொடர்களாக வெளியாகும் ‘ட்ரேடிங் கார்டு’ எனப்படும் அட்டைகளுக்குச் சந்தை விலையைக் கணிக்கும் முறை. எத்தனை அட்டைகள் எஞ்சியுள்ளன, அவை எந்த நிலையில் இருக்கின்றன, எத்தனை பேர் அவற்றைத் தேடுகிறார்கள் என்ற மூன்றையும் சேர்த்தே விலை கணிக்கப்படுகிறது. இக்கணிப்பு முறை பெரும்பாலும் அமெரிக்க பேஸ்பால் அட்டைகளைச் சுற்றியே வளர்ந்தது.

தொடக்கம்

1880களில் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரிலிருந்த ஆலன் அண்ட் ஜின்டர் நிறுவனம், சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே வைத்த தடித்த அட்டையில் படங்களை அச்சிட்டது. இங்கிலாந்தில் வில்ஸ் நிறுவனமும் அதே வழியைப் பின்பற்றியது. சிகரெட்டுடன் இலவசமாக வந்த இவற்றைச் சிறுவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். 1927இல் தொடங்கப்பட்ட லண்டன் சிகரெட் கார்டு கம்பெனி, அட்டைகளை விலைப்பட்டியல் போட்டு விற்றது.

பட்டியல் காலம்

எந்தெந்த அட்டைகள் வெளியாயின என்று தெரிந்தால்தான் எது அரிது என்று சொல்ல முடியும். அந்த வேலையைச் செய்தவர் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரைச் சேர்ந்த ஜெபர்சன் பர்டிக். 1939இல் அவர் வெளியிட்ட பட்டியல் பின்னர் ‘அமெரிக்கன் கார்டு கேட்டலாக்’ எனப் பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘டி’, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ‘என்’ என அவர் வகுத்த குறியீடுகள் இன்றும் வழக்கில் உள்ளன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உருப்படிகள் கொண்ட தம் சேகரிப்பை அவர் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

பெரும்பாலான அட்டைகளுக்குச் சில சென்ட்டே குறித்த பர்டிக், டி206 தொடரின் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னர் அட்டைக்கு மட்டும் 50 டாலர் குறித்தார். 1909 முதல் 1911 வரை வெளியான அத்தொடரில் தம் படம் இடம்பெற வாக்னர் மறுத்ததால் அவருடைய அட்டை சீக்கிரமே நிறுத்தப்பட்டது; இன்று சுமார் 60 அட்டைகளே அறியப்பட்டுள்ளன. புகையிலைக்குச் சிறுவர்களை இழுக்க அவர் விரும்பவில்லை என்றும், பணம் தராததே காரணம் என்றும் இருவிதமாகச் சொல்வர்.

விலை வழிகாட்டிகள்

புள்ளியியல் பேராசிரியர் ஜேம்ஸ் பெக்கெட், வியாபாரிகளிடமும் சேகரிப்பாளர்களிடமும் நடப்பு விலைகளைக் கேட்டுத் திரட்டி, டென்னிஸ் எக்கெஸுடன் சேர்ந்து 1979இல் விலை வழிகாட்டி நூலை வெளியிட்டார். 1984இல் மாத இதழும் தொடங்கினார். விலை அச்சில் வந்ததும் அட்டை முதலீடாயிற்று. நிறுவனங்கள் கணக்கின்றி அச்சிட்டன. வாங்கியவர்கள் கசங்காமல் பூட்டி வைத்தார்கள். விளைவாக, 1980களின் பிற்பகுதி முதல் 1990களின் தொடக்கம் வரையிலான அட்டைகளில் பெரும்பாலானவை இன்றும் விலைபோவதில்லை. இதற்கு நேர்மாறானது டாப்ஸ் நிறுவனத்தின் 1952ஆம் ஆண்டுத் தொடர். விற்காமல் தேங்கிய பெட்டிகளை அந்நிறுவனம் 1960இல் அட்லாண்டிக் கடலில் கொட்டியது. அத்தொடரின் பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு விற்றது.

தரச் சான்று

ஒரே அட்டையை விற்பவர் ‘புதிது போல’ என்பார். வாங்குபவர் ‘தேய்ந்தது’ என்பார். இந்தச் சச்சரவில் நடுவராக 1991இல் பி.எஸ்.ஏ. என்னும் தரச்சான்று நிறுவனம் வந்தது. படம் நடுவில் அமைந்திருப்பது, மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு ஆகிய நான்கையும் பார்த்து 1 முதல் 10 வரை தரமளித்து, அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகிறார்கள். 9க்கும் 10க்கும் இடையே விலை பல மடங்கு வேறுபடலாம்.

சான்றும் பிழைக்கலாம். ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவரது அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் 1991இல் 4,51,000 டாலருக்கு வாங்கிய வாக்னர் அட்டைக்கு பி.எஸ்.ஏ. 8 தரமளித்தது. அதன் ஓரங்களைத் தாம் வெட்டிச் சீராக்கியதாக வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

விளையாடும் அட்டைகள்

ரிச்சர்டு கார்ஃபீல்டு உருவாக்கி 1993இல் வெளியான ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற அட்டை விளையாட்டு, அட்டையின் மதிப்பில் ஆட்டத்திறனையும் சேர்த்தது. 1995இல் பழைய அட்டைகள் மறு அச்சாகி விலை சரிந்ததும் சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். மறுபடி அச்சிடவே மாட்டோம் என்று உறுதியளிக்கும் பட்டியலை வெளியீட்டாளர் 1996இல் அறிவிக்க நேர்ந்தது. அதே ஆண்டு ஜப்பானில் போகிமான் அட்டைகள் அறிமுகமாயின.

இணையக் காலம்

1995இல் தொடங்கிய இபே ஏலத்தளத்தால், கேட்கும் விலையும் உண்மையில் விற்ற விலையும் வேறுவேறு என்பது எல்லோருக்கும் தெரிய வந்தது. தாம் சான்றளித்த அட்டைகளின் தரவாரியான எண்ணிக்கையைத் தரச்சான்று நிறுவனங்களே வெளியிடுகின்றன; ஆனால் உயர்தரம் வேண்டி ஒரே அட்டையைத் திரும்பத் திரும்ப அனுப்புவோரால் அக்கணக்கு உப்புவதுண்டு. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் தேவை பெருகி, தரச்சான்றுக்கு வந்த அட்டைகள் குவிந்ததால், 2021 மார்ச்சில் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது.

பட்டியல், வழிகாட்டி, சான்று ஆகிய மூன்றும் இன்றும் பயன்படுகின்றன. எனினும் அதே அட்டை, அதே தரத்தில், அண்மையில் விற்ற விலையே மதிப்பீட்டுக்கு நம்பகமான அடிப்படை.