அடிசன் கோடும் அந்த இன்னொரு பெட்ரூமும்

கொஞ்சம் நீளமான இழை இது. நைட் டியூட்டி முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள் நண்பர்களே.

எம்பிபிஎஸ் முதலாமாண்டில் எங்களை மிரட்டிய ஒரு கோடு உண்டு. டிரான்ஸ்பைலோரிக் பிளேன். வயிற்றின் குறுக்கே போகும் ஒரு கற்பனைக் கோடு. கணையத்தின் கழுத்து, பித்தப்பையின் நுனி, முதுகெலும்பில் எல்1 என்று அந்தக் கோட்டில் என்னென்ன வரும் என்று வைவாவில் கேட்டே உயிரை எடுப்பார்கள். அதற்கு இன்னொரு பெயர் அடிசன் பிளேன். அட்ரினல் சுரப்பி நோய்க்குப் பெயர் தந்த தாமஸ் அடிசன் வேறு ஆள். இவர் கிறிஸ்டோபர் அடிசன்.

இந்த அனாடமி பேராசிரியர் பிறகு அரசியலுக்குப் போனார். 1919-ல் பிரிட்டனின் முதல் சுகாதார அமைச்சர் ஆனார். அவர் பெயரால் இன்றும் சொல்லப்படும் சட்டம் ஒன்று இருக்கிறது. அது ஆஸ்பத்திரி பற்றிய சட்டம் இல்லீங்க, வீடு பற்றியது.

1919-ன் அடிசன் சட்டம், அரசுப் பணத்தில் உள்ளாட்சி மன்றங்கள் வீடு கட்டி சாமானியர்களுக்கு வாடகைக்கு விட வழி செய்தது. கவுன்சில் வீடு என்கிறார்களே, அது பெரிய அளவில் ஆரம்பித்தது இங்கேதான். மூன்று வருஷத்தில் 5 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. கட்டி முடித்தது சுமார் 2 லட்சம்தான். செலவு அதிகம் என்று 1921-ல் அரசு கையை விரித்தது. அடிசன் ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார்.

சுகாதார அமைச்சர் எதற்கு வீடு கட்டினார் என்று கேட்பீர்கள். காசநோய்க்கு அப்போது மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் 25 வருஷம் இருந்தது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்தால், ஒருவர் இருமினால் போதும். காற்றோட்டமும் தனி அறையும்தான் அன்றைய மருந்து. இந்தப் புரிதல் அங்கே நீண்ட காலம் இருந்தது. 1948 ஜூலை 5-ல் என்ஹெச்எஸ்-ஐத் தொடங்கிவைத்த அன்யூரின் பெவன் சுகாதார அமைச்சர்தான். வீடு கட்டும் பொறுப்பும் அவரிடமே இருந்தது. ஆஸ்பத்திரியும் வீடும் ஒரே ஃபைலில்!

ஆனால் அடிசன் சட்டம் ஒரு நல்ல டாக்டரின் கருணையால் மட்டும் வந்ததில்லை. அதற்கு நான்கு வருஷம் முன்னால் கிளாஸ்கோவில் நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான் மீதிக் கதை புரியும்.

1915. முதல் உலகப்போர். கிளாஸ்கோவின் கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆயுத ஆலைகளுக்கும் ஆட்கள் வந்து குவிகிறார்கள். ஆண்களில் பலர் போர்முனையில். இதுதான் சமயம் என்று வீட்டு உரிமையாளர்கள் வாடகையை ஏற்றுகிறார்கள். கோவன் பகுதியில் மேரி பார்பர் என்ற பெண்மணி அக்கம்பக்கத்துப் பெண்களைத் திரட்டினார். பழைய வாடகை தருவோம், ஏற்றியதைத் தரமாட்டோம் என்றார்கள். காலி செய்யவைக்க அதிகாரி வந்தால் ஒருத்தி மணி அடிப்பாள். மாடிப்படி முழுக்கப் பெண்கள் வந்து அடைத்து நிற்பார்கள். வந்தவர் மேல் மாவுப் பொட்டலம் பறக்கும். நவம்பருக்குள் 20,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்துவிட்டன. நவம்பர் 17 அன்று வாடகை பாக்கி வழக்கு விசாரணைக்கு வந்தபோது கோர்ட் வாசலில் ஆயிரக்கணக்கானோர். ஆலைத் தொழிலாளர்களும் வேலையை விட்டு வந்தார்கள். குண்டு தயாரிப்பு நின்றால் போர் என்னாவது? அந்த வருஷம் முடிவதற்குள், வாடகையை 1914 ஆகஸ்ட் நிலையிலேயே நிறுத்தி நாடாளுமன்றம் சட்டம் போட்டது. சமைத்த கையோடு வந்து நின்ற பெண்கள் சாதித்தது இது.

சரி, இப்போது ஒரு நூற்றாண்டு தாண்டி 2013-க்கு வருவோம்.

நடுவில் 1980-ல் தாட்சர் அரசு, கவுன்சில் வீட்டில் இருப்பவர்களே அதைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ள உரிமை கொடுத்தது. வாங்கியவர்களுக்கு லாபம்தான். ஆனால் விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. மிச்சமிருந்த வீடுகளில் வயதானவர்கள், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானக்காரர்கள். வாடகை கட்ட முடியாதவர்களுக்கு அரசு வாடகை உதவித்தொகை கொடுத்துவந்தது.

2012-ன் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் அதில் கை வைத்தது. 2013 ஏப்ரல் 1 முதல் கணக்கு இதுதான். கவுன்சில் வீட்டிலோ வீட்டுவசதிச் சங்க வீட்டிலோ ஒரு பெட்ரூம் 'உபரியாக' இருந்தால், வாடகையில் 14% அளவுக்கு உதவித்தொகை வெட்டு. இரண்டு இருந்தால் 25%. கணவன் மனைவிக்கு ஒரு அறை. 10 வயதுக்குக் கீழே என்றால் ஆணும் பெண்ணும் ஒரே அறை. 16 வயது வரை அக்கா தங்கை ஒரே அறை, அண்ணன் தம்பியும் அப்படியே. ஓய்வூதிய வயதினருக்கு விலக்கு.

அரசு தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் இடம் போதாமல் நெருக்கியடித்து வாழும் குடும்பங்கள், இன்னொரு பக்கம் காலி அறைகள். தனியார் வீட்டில் வாடகைக்கு இருந்து உதவி பெறுவோருக்கு அறைக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, இவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நானே முதலில் படித்தபோது 'சரிதானே' என்றுதான் நினைத்தேன்.

ஓட்டை எங்கே என்றால், மாறிப் போவதற்குச் சின்ன வீடு இல்லை. ஒரு பெட்ரூம் வீடுகள் பல ஊர்களில் போதுமான அளவு கட்டப்படவே இல்லை. அரசே நியமித்த ஆய்வின்படி, முதல் ஆறு மாதத்தில் சமூகக் குடியிருப்புகளுக்குள் சிறிய வீட்டுக்கு மாறியவர்கள் வெறும் 4.5%. மற்றவர்கள் அங்கேயே இருந்தார்கள், பணம் மட்டும் போனது. சராசரியாக வாரத்துக்கு 14 பவுண்டு. அங்கே அது ஒரு ஆளின் பல நாள் சாப்பாடு. 2015 இறுதி அறிக்கையில், பாதிக்கப்பட்டவர்களில் 76% பேர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள்.

டாக்டராக எனக்கு உறுத்துவது அடுத்த எண். பாதிக்கப்படுவார்கள் என்று அரசே கணித்த 6,60,000 குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் உடல் குறைபாடோ நீண்டகால நோயோ உள்ள ஒருவர் இருந்தார். அந்த 'உபரி' அறையில் என்ன இருக்கும்? ஆஸ்பத்திரிக் கட்டில், ஆக்சிஜன் கருவி, வீல்சேர், ராத்திரி தங்கும் பராமரிப்பாளர். ஆனால் சட்டம் அறையை எண்ணியதே தவிர, உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. இதில் பெரிய வேடிக்கை, பெட்ரூம் என்றால் என்ன என்று சட்டத்தில் விளக்கமே கிடையாது!

மக்கள் போராடினார்கள். முதல் வெற்றி பெயரில். அரசு வைத்த பெயர் 'உபரி அறை மானிய நீக்கம்'. மக்கள் வாயில் அது 'பெட்ரூம் டேக்ஸ்'. கணக்குப்படி அது வரி இல்லைதான். ஆனால் வரி என்ற சொல்லுக்கு அந்த ஊரில் ஒரு ஞாபகம் இருக்கிறது. 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி போட்ட தேசம் அது. மக்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், வெளிச்சமும் காற்றும் போய் நோய் வந்தது. 1990-ல் தலைவரி தாட்சரின் பதவியையே ஆட்டியது. பெயர் ஒட்டிக்கொண்டது, அரசால் கடைசிவரை பிய்க்க முடியவில்லை.

அமல் ஆவதற்கு முன்பே 2013 மார்ச்சில் பல ஊர்களில் ஊர்வலங்கள். கிளாஸ்கோவில் மறுபடியும் ஆயிரக்கணக்கானோர். அந்த வருஷம் ஐநாவின் வீட்டுரிமை சிறப்பு அறிக்கையாளர் ரகேல் ரோல்னிக் நேரில் வந்து பார்த்துவிட்டு, இதை நிறுத்திவையுங்கள் என்றார். ஆளுங்கட்சிக்கு வந்ததே கோபம், ஐநாவுக்கே புகார் போனது. 2014 ஜனவரியில் இன்னொரு கூத்து. 1996-க்கு முன்பிருந்து ஒரே வீட்டில் தொடர்ந்து உதவி வாங்குபவர்களை ஒரு பழைய விதி காப்பாற்றுகிறது, அதை நீக்க அரசு மறந்துவிட்டது என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டியவர்கள் கண்டுபிடித்தார்கள். வெட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. மார்ச்சிலேயே அந்த ஓட்டையை அவசரமாக அடைத்தார்கள். ஸ்காட்லாந்து அரசுக்குச் சட்டத்தை மாற்ற அதிகாரம் இல்லை. ஆனால் வெட்டிய தொகையை 2014-லிருந்து தன் நிதியிலிருந்தே ஈடுகட்டியது.

கோர்ட்டில் நடந்ததுதான் என்னை இந்த இழையை எழுத வைத்தது. 2016 நவம்பர் 9, உச்ச நீதிமன்றம். ஒரு தம்பதி. மனைவிக்கு ஸ்பைனா பைஃபிடா, தண்டுவடம் பிறவியிலேயே சரியாக மூடாத நிலை. அவருக்குத் தனிக் கட்டில், தனி மெத்தை. அதே அறையில் கணவருக்கு இன்னொரு கட்டில் போட இடமில்லை. அவர் தூங்கிய அறை 'உபரி'. இன்னொரு வழக்கில், வேல்ஸில் கடுமையான குறைபாடுள்ள பேரனை வளர்க்கும் தாத்தா பாட்டி. ராத்திரி வந்து தங்கும் பராமரிப்பாளரின் அறை 'உபரி'.

இதில் கொடுமையைப் பாருங்கள். குறைபாட்டால் சேர்ந்து தூங்க முடியாதவர்கள் குழந்தைகளாக இருந்தால் விதி தனி அறை கொடுத்தது, பெரியவர்களாக இருந்தால் இல்லை. பராமரிப்பாளர் தேவைப்படுபவர் பெரியவராக இருந்தால் அறை உண்டு, குழந்தையாக இருந்தால் இல்லை. ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் இன்னொன்று. இரண்டு குடும்பமும் ஜெயித்தது. 2017 ஏப்ரலில் விதியே திருத்தப்பட்டது.

அன்று தோற்றவரும் ஒருவர் உண்டு. முன்னாள் துணைவரின் வன்முறைக்குப் பயந்து வாழ்ந்த ஒரு தாய். அவர் பாதுகாப்புக்காக அரசுத் திட்டத்திலேயே வீட்டின் ஓர் அறையைப் பலப்படுத்திக் கொடுத்திருந்தார்கள், ஆள் வந்து கதவை உடைத்தாலும் உள்ளே ஒளிந்துகொள்ள. ஒரு கை பலப்படுத்திய வீட்டை, இன்னொரு கை 'பெரிய வீடு' என்று சொல்லிப் பணத்தை வெட்டியது. கீழ் நீதிமன்றத்தில் அவர் ஜெயித்தார், அரசு மேல்முறையீடு செய்தது. ஐந்துக்கு இரண்டு என்று உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். மாற்றுத் தீர்ப்பு எழுதிய இருவரில் ஒருவர் லேடி ஹேல். அந்தத் தாய் விடவில்லை. ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2019 அக்டோபர் 24 அன்று அது பாகுபாடுதான் என்று தீர்ப்பு வந்தது, 10,000 யூரோ இழப்பீட்டோடு.

தீர்ப்பு வந்த கையோடு விதி மாறிவிட்டதா? இல்லை. இப்படிப் பலப்படுத்திய அறை உள்ள வீடுகளுக்கு விலக்கு வந்தது 2021 அக்டோபர் 1-ல். சட்டம் வந்து எட்டரை வருஷம் கழித்து.

மற்றவர்களுக்கு இங்கிலாந்தில் அந்த 14%, 25% கணக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. யூனிவர்சல் கிரெடிட் என்ற புதிய உதவித்திட்டத்துக்குள்ளும் அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். கோவன் பக்கம் போகிறவர்கள் 2018 மார்ச் 8-ல் திறந்துவைத்த மேரி பார்பர் சிலையைப் பாருங்கள். பின்னால் பெண்கள் வரிசையாக நடந்து வர, அவர் முன்னால் போய்க்கொண்டிருப்பார்.