சதுரங்கப்பட்டினமும் மக்குவேனியும்: காலநிலை நிதி ஊருக்கு வரும் இரண்டு வழிகள்

செங்கல்பட்டு மாவட்டத்தின் சதுரங்கப்பட்டினம், டச்சுக் கோட்டைக்காகப் பலரும் அறிந்த கடலோர ஊர். அதற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், வாயலூர் அருகே பாலாறு கடலில் கலக்கிறது. மக்குவேனி, கென்யாவின் தென்கிழக்கில் உள்ள வறண்ட மாவட்டம், கடலே இல்லாதது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வைப்பது மணல். இரண்டு இடத்திலும் ஆற்றுப்படுகை ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும். நீர் மணலுக்கு அடியில் இருக்கும். இரண்டிலும் மணல் கொள்ளை போனது, மழை தவறியது. தேசியக் காலநிலைக் கொள்கை ஊர்க்காரர் கைக்குப் பணமாக வந்து சேரும் வழியில்தான் இரண்டும் பிரிகின்றன.

இந்திய வழியை முதலில் பார்ப்போம். 2008 ஜூனில் எட்டு இயக்கங்களோடு தேசியக் காலநிலை மாற்றச் செயல்திட்டம் வெளியானது. மாநிலங்கள் தத்தம் செயல்திட்டங்களை எழுதின. அவற்றுக்குப் பணம் தர 2015-இல் தேசியத் தகவமைப்பு நிதியம் நபார்டு வழியாகத் தொடங்கப்பட்டது. நாடு முழுவதற்கும் 30 திட்டங்கள், ஏறத்தாழ 847 கோடி ரூபாய். தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது மன்னார் வளைகுடாத் திட்டம், சுமார் 25 கோடி. தூத்துக்குடி அருகே தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்கச் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கினார்கள். பயனுள்ள வேலை. ஆனால் 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடற்கரைக்கு அது எம்மாத்திரம்? 2022 நவம்பரில் அந்த நிதியமே ‘திட்டம்’ என்ற தகுதியை இழந்தது.

அதே ஆண்டில் தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனத்தை உருவாக்கியது. ஆட்சியர் தலைமையில் மாவட்டக் காலநிலை இயக்கங்களை அமைத்தது. கடற்கரை மீட்புக்கு உலக வங்கியின் கடனுதவியும் வந்திருக்கிறது. மற்ற பல மாநிலங்களைவிட இது நல்ல தொடக்கம். எனினும், படிகளில் இறங்கிவரும் இந்த ஏற்பாடு ஆட்சியர் அலுவலகத்தில் நின்றுவிடுகிறது. சதுரங்கப்பட்டினம் அடங்கிய திருக்கழுக்குன்றம் ஒன்றியத்தில் உள்ள ஓர் ஊராட்சியின் வரவு செலவில் காலநிலை என்றொரு தலைப்பு இல்லை. 2021–26 காலத்துக்கு 15-ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கிக் கட்டப்பட்டது. மிச்சத்தில் சாலை, தெருவிளக்கு போன்ற அன்றாடத் தேவைகள் முந்திக்கொள்கின்றன.

கென்யா வேறு திசையிலிருந்து தொடங்கியது. 2010 அரசியலமைப்பு 47 மாவட்ட அரசுகளை உருவாக்கி, அவற்றுக்குத் தனி வரவு செலவையும் கொடுத்தது. மக்குவேனி 2015-இல் விதி இயற்றி, தன் வளர்ச்சி நிதியில் ஒரு விழுக்காட்டைக் காலநிலை நிதியமாக ஒதுக்கியது. இந்த முறையில் நிதியத்தின் பெரும்பகுதி, அதாவது 70 விழுக்காடு, வார்டு அளவிலான வேலைகளுக்கு. 20 விழுக்காடு மாவட்டம் முழுமைக்குமான வேலைகளுக்கு. எஞ்சியது நிர்வாகச் செலவுக்கு. எந்த வேலை முதலில் என்பதை ஊர்மக்கள் தேர்ந்தெடுத்த வார்டுக் குழு முடிவு செய்யும். அந்தக் குழுவில் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் இடம் உண்டு. தேசியக் காலநிலை மாற்றச் சட்டம் இதற்குப் பிறகு, 2016-இல்தான் வந்தது. 2021-இல் உலக வங்கி 15 கோடி டாலர் தந்து இம்முறையை நாடெங்கும் விரிக்கத் துணைநின்றபோது, பணத்தை வாங்கிச் செலவழிக்கத் தெரிந்த குழுக்கள் சில மாவட்டங்களில் ஏற்கெனவே இருந்தன.

வார்டுக் குழுக்கள் பெரும்பாலும் கேட்டது தண்ணீரை. மக்குவேனிப் பகுதியில் அதற்கு நெடுநாள் பழகிய வழி மணல் அணை. காய்ந்த ஆற்றின் பாறைப் படுகை மீது குறுக்கே ஒரு சுவர் எழுப்புவார்கள். வெள்ளம் அடித்துவரும் பருமணல் அதன் பின்னால் படியும். மணலின் இடைவெளிகளில் தங்கும் நீர் வெயிலுக்கு அதிகம் ஆவியாகாது. கோடையில் கையால் குழி தோண்டினால் ஊறும். மணலே நீர்த்தொட்டி என்பதால், மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்த 2015-இலேயே அந்த மாவட்டம் தனிச்சட்டம் போட்டது.

பாலாற்றுக்காரருக்கு இதில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆற்றுப்படுகையில் ஊற்றுக்கால் வெட்டி ஏரிக்கும் வயலுக்கும் நீர் கொண்டுபோன ஊர்கள் இவை. மணல் அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்தது. நன்னீர் குறைந்த இடத்தில் கடல்நீர் உள்ளே ஏறியது. வாயலூரில் தடுப்பணை 2019-இல் எழுந்தது. பெருமழை நீரைத் தேக்கி, நிலத்தடியில் இறக்கி, உவர்நீரைப் பின்தள்ளுவது அதன் வேலை. தகவமைப்பு என்று கொள்கை ஏடுகள் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தக் கரையில் இல்லை. ஆனால் அதற்கான பணம் காலநிலை நிதியிலிருந்து வரவில்லை. கல்பாக்கம் அணுசக்தி வளாகமும் பாலாற்று நீரை நம்பியிருக்கிறது. அணைக்கு நிதி அந்தப் பக்கமிருந்து வந்தது. பெரிய நிறுவனத்துக்கும் ஊருக்கும் தேவை ஒன்றாக அமைந்ததால் அணை வந்தது. அப்படி ஓர் அண்டை வீட்டுக்காரர் வாய்க்காத ஊரின் உவர்க்கிணற்றுக்கு யார் பொறுப்பு? மக்குவேனியின் ஒரு விழுக்காடு இந்தக் கேள்விக்குத்தான் பதில்.

இதனால் மக்குவேனி குறையற்றது என்றாகிவிடாது. மாவட்டக் கருவூலத்திலிருந்து பணம் விடுவிப்பதில் தாமதம், வெளிநாட்டு உதவியை நம்பியிருத்தல், சிறு நிதியில் சிறு வேலைகளே நடத்தல் ஆகிய குறைகள் அங்கே உண்டு. மேலும், நம் கடற்கரைக்கு அந்த முறை அப்படியே பொருந்தாத இடம் ஒன்று இருக்கிறது: கரை அரிப்பு. கிழக்குக் கரையில், ஆண்டு முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஒரு குப்பம் கேட்டு, கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு போட்டால் அதன் தெற்கே மணல் சேரும்; வடக்கே அடுத்த குப்பத்தின் கரை கரையும். பிறகு அந்தக் குப்பமும் தூண்டில் வளைவு கேட்கும். படகு ஏற்றவும் வலை பின்னவும் மீன் உலர்த்தவும் இடமில்லாமல் தவிப்பவர்கள் கல் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் மணலின் கணக்கு ஊர் எல்லையோடு முடிவதில்லை. அதை மாவட்டமும் மாநிலமும்தான் ஒட்டுமொத்தமாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். கிணறு, குளம், சவுக்கு வேலி, புயல் காலத்தில் படகு நிறுத்தும் மேடு, மீன் உலர்களம் போன்றவற்றை ஊரே முடிவு செய்யலாம்.

முடிவு செய்யும் அமைப்பு நம்மிடம் இல்லாமல் இல்லை. கென்யாவின் இசியோலோ மாவட்டத்தில், மேய்ச்சல் நிலத்துக்கும் நீருக்கும் முறைவைக்கும் ‘தெதா’ என்ற மரபுச் சபைகளைக் காலநிலை நிதி வலுப்படுத்தியது. நம் கரையில் அதற்கு இணையானது மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து. எந்த வலை போடலாம், எப்போது கடலுக்குப் போகக் கூடாது என்பதை அது இன்றும் தீர்மானிக்கிறது. ஆனால் அதில் பெண்களுக்கு இடமில்லை. கரைக்கு வந்த மீனை ஏலம் எடுத்து, கூடை சுமந்து, கருவாடு போட்டு வீட்டை நடத்துபவர்கள் பெண்கள். மணல் குறையும்போது முதலில் இடம் இழப்பவர்களும் அவர்கள். ஊர்ப் பஞ்சாயத்தின் அறிவும் கிராம சபையின் சட்டத் தகுதியும் சேர்ந்து, பாதிக்குப் பாதி பெண்கள் அமரும் குழுவாக ஆனால்தான் அது ஊரின் குழு.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. புயலுக்குப் பின் உடைந்த படகுக்கும் வலைக்கும் நிவாரணம் வழங்க அரசிடம் கணக்குத் தலைப்பு உண்டு, விதி உண்டு, பழகிய அலுவலர்கள் உண்டு. புயலுக்கு முன் செய்ய வேண்டியதற்கு ஊர் அளவில் அந்த மூன்றும் இல்லை. அவற்றை உருவாக்க மாநில அரசால் இன்றே முடியும். மாவட்ட வளர்ச்சி நிதியில் ஒரு நிலையான பங்கை அரசாணை வழியாக ஒதுக்கட்டும். அதன் பெரும்பகுதியை ஊராட்சிகளுக்கென்று எழுதி வைக்கட்டும். பொறியியல் சரிபார்ப்பை மாவட்டம் செய்யட்டும். வேலையின் பட்டியலை நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபை முடிவு செய்யட்டும். செங்கல்பட்டின் கடலோர ஊராட்சிகளில் இதைத் தொடங்கினால், நாளை உலக வங்கிப் பணமோ தில்லிப் பணமோ வரும்போது, அதை வாங்கி உரிய வேலையில் இறக்கத் தெரிந்த கைகள் ஊரிலேயே தயாராக இருக்கும்.