மோகமுள்ளும் அதன் வாசகர்களும்

இத்தொடரில் எனக்கு முன் உரையாற்றியோர் பெரும்பாலும் நாவலாசிரியர்களைப் பற்றியே பேசினர். நான் இன்று வாசகர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒரு நாவலை யார் எழுதினார், எப்போது எழுதினார் என்று நமது இலக்கிய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதனை யார் எப்படி வாசித்தார்கள் என்பதை அவை சொல்வதில்லை. உயர்தர வகுப்பில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இக்குறை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

எடுத்துக்கொண்ட நாவல், தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. 1950களின் நடுப்பகுதியில் 'சுதேசமித்திரன்' வார இதழில் தொடராக வெளிவந்து, பின்னர் நூலுருப் பெற்றது. கும்பகோணத்தில் கல்லூரி மாணவனாக இருக்கும் பாபு, தன்னிலும் பத்து வயது மூத்தவளான யமுனாவை விரும்புகிறான். அதே பாபு ரங்கண்ணா என்ற முதிய வித்துவானிடம் சங்கீதம் பயில்கிறான். காதலும் சங்கீதமும் ஒன்றையொன்று வளர்த்தும் குலைத்தும் செல்வதுதான் கதை.

இந்நாவலை நான் முதலில் நூலாக வாசிக்கவில்லை. எனது பெரியப்பா சுதேசமித்திரன் பக்கங்களைக் கிழமைதோறும் சேர்த்துத் தைத்து, மட்டை போட்டுக் கட்டி வைத்திருந்தார். அக்காலத்தில் பல வீடுகளில் இவ்வழக்கம் இருந்தது. 1970களின் முற்பகுதியில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதி இங்கு கட்டுப்படுத்தப்பட்டபோது இத்தகைய கட்டுகளுக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று. வீட்டுக்கு வீடு கைமாறின. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது பெரியப்பா வீட்டார் எதை எதையோ விட்டுச் சென்றும் இக்கட்டை ஒரு சாக்கினுள் போட்டு எடுத்துச் சென்றனர். 1997இல் அது என் கைக்கு வந்தது. எனக்கு வயது பதினேழு. இடையில் சில கிழமைகளுக்குரிய பக்கங்கள் இருக்கவில்லை. கறையானோ மழையோ என்று நினைத்துக்கொண்டேன்.

பதினேழு வயதில் நான் வாசித்தது ஒரு காதற்கதையை. வேறு எதையும் அல்ல. சுருதி, ஸ்வரம், சாதகம் என்று வந்த இடங்களைத் தாண்டி யமுனா எங்கே வருகிறாள் என்று தேடித் தேடி வாசித்தேன். பாபு அவளைத் தெய்வமாக எண்ணி வழிபடுவதும் அவளை அடைய விரும்புவதும் ஒரே மனத்தில் நிகழ்வது அவ்வயதில் எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. 'இந்த நாவல் என்னைப் பற்றியது' என்று எண்ணாத இளைஞர் அதன் வாசகர்களில் குறைவு. கும்பகோணம் செல்லும் வாசகர்கள் யமுனாவின் துக்காம்பாளையத் தெருவைத் தேடிப் போவார்கள். பிற்காலத்தில் நானும் போனேன். சாதாரணமான தெரு. திண்ணைகள் பலவற்றைக் காணவில்லை. ஆயினும் அரை மணி நேரம் அங்கே நின்றேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவது வகை வாசகர்களை எனக்கு அறிமுகப்படுத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு சங்கீத ஆசிரியர். நான் ஆசிரிய நியமனம் பெற்ற புதிதில் அவரிடம் இந்நாவலைப் புகழ்ந்து பேசினேன். அவர் வெற்றிலையை மென்றபடி சொன்னார்: "தம்பி, உந்தக் கதையிலை பாபு பாட்டுப் படிக்க வந்த பெடியன். நீங்கள் எல்லாரும் அவனைக் காதலிக்க வந்தவனாக்கிப் போட்டியள்."

அவர் சொன்ன கண்ணோட்டத்தில் மீண்டும் வாசித்தபோது நாவலே வேறாகத் தெரிந்தது. தியாகராசரின் நேர்ச் சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் சகோதரர்கள் வாழ்ந்த ஊர் கும்பகோணத்துக்கு அண்மையிலேயே உள்ளது. குருவின் வீட்டிலிருந்து ஆண்டுக்கணக்காகக் கற்கும் முறை அப்பிரதேசத்தின் சொத்து. ஆனால் 1928இல் சென்னையில் மியூசிக் அகடமி தோன்றியது. 1938இல் சென்னை வானொலி நிலையம் ஆரம்பமாயிற்று. இசைத்தட்டுகள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. காவிரிக்கரை வித்துவான்கள் ஒருவர் பின் ஒருவராகச் சென்னைக்குக் குடிபெயர்ந்தனர். சங்கீதம் பயில்வது எதற்காக, மேடைக்காகவா அல்லது நாதத்துக்காகவா என்ற வினா அன்று வெறும் தத்துவ வினா அன்று. பிழைப்பைப் பற்றிய வினா. மேடைக்கு அவசரப்படாதே என்னும் ரங்கண்ணா ஒரு பக்கம்; அவரிடமே பயின்று சென்னையில் பேர் பெற்ற பாலூர் ராமு மறுபக்கம். நடுவில் பாபு. ஜானகிராமன் இவ்வினாவைக் கற்பனையில் கண்டெடுக்கவில்லை. சங்கீதம் பயின்றவர், அகில இந்திய வானொலியின் கல்வி ஒலிபரப்புப் பகுதியில் நீண்டகாலம் பணியாற்றியவர். இரு பக்கத்தையும் உள்ளிருந்து அறிந்தவர்.

மராட்டியப் பாடகர்கள் கும்பகோணத்துக்கு வந்து பாடும் பகுதியை அந்தச் சங்கீத ஆசிரியர் மனப்பாடமாகவே சொல்வார். அவர்களின் குரற் பயிற்சியைக் கேட்டுப் பாபு திகைத்து நிற்கிறான். நமது வித்துவான்கள் குரலைப் பேணாதது அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. இதற்கும் வரலாற்று அடிப்படை உண்டு. மிரஜ் நகரில் வாழ்ந்த கிரானா மரபினரான அப்துல் கரீம் கான் தென்னிந்தியாவுக்குப் பலமுறை வந்து பாடியவர். தியாகராசர் கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டிலும் பாடியுள்ளார். 1937இல் அவர் இறந்ததும் தமிழ்நாட்டு மண்ணிலேதான், பாண்டிச்சேரிக்குச் செல்லும் வழியில். அத்தகைய குரல்களைக் கேட்ட தலைமுறையின் வியப்பை நாவலில் காண்கிறோம்.

மராட்டியம் என்றதும் யமுனா நினைவுக்கு வரவேண்டும். அவளுடைய தாய் பார்வதி தஞ்சை மராட்டியப் பெண், தந்தை பிராமணர், தாய் அவருக்கு இரண்டாந்தாரம். 1670களில் சிவாஜியின் சகோதரர் ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றியது முதல் 1855இல் ஆங்கிலேயர் அதனை இணைத்துக்கொள்ளும் வரை மராட்டியர் ஆட்சி அங்கு நிலவியது. ஆட்சி போயிற்று, குடும்பங்கள் தங்கிவிட்டன. கதாகாலட்சேபக் கலை மராட்டியரிடமிருந்து பெற்றதைத் தஞ்சை நன்றியோடு வைத்துக்கொண்டது. ஆனால் மராட்டியத் தாய்க்குப் பிறந்த பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அதே தஞ்சை முகத்தைத் திருப்பிக்கொண்டது. யமுனாவுக்கு வரும் சம்பந்தங்கள் தட்டிப்போவதற்கு இதுவே காரணம். பாபுவின் கனவைத் தொடர்ந்து போகும் வாசகர் இதனை எளிதில் தவறவிடுவர். நான் தவறவிட்டேன்.

பல்கலைக்கழகத்தில் எங்களிடையே வேறொரு கருத்தும் நிலவியது. மேட்டுக்குடி இளைஞன் ஒருவனின் மன அவசத்துக்கு இத்தனை நூறு பக்கங்களா, இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன் என்று கேட்ட நண்பர்கள் இருந்தார்கள். நானும் சில காலம் அப்படிக் கேட்டேன். யமுனாவின் குடும்பம் வறுமையில் விழுவதை ஜானகிராமன் எழுதியுள்ள பகுதிகளை அவர்கள் வாசித்திருந்தார்களா என்பது இன்று எனக்கு ஐயமே. 1995இல் ஞான ராஜசேகரன் இயக்கத்தில் படம் வந்த பின்னர் பலருக்கு நாவல் என்பது இளையராஜாவின் இசையும் ரங்கண்ணாவாக நடித்த நெடுமுடி வேணுவின் முகமுமாக மாறிற்று. அதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு வாசித்தும், இந்நாவலை முழுதும் அறிந்தவன் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் மோகமுள் பற்றிப் பேச அழைத்தார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். காதல், சங்கீதம், குரு சீடர் உறவு, தஞ்சை வரலாறு. முடிந்ததும் ஓர் இளம் ஆசிரியை எழுந்து, "சேர், தங்கம்மாவைப் பற்றி ஒன்றுமே சொல்லேல்லையே?" என்று கேட்டார்.

தங்கம்மா, பாபு குடியிருக்கும் வீட்டுக்கு அயலில் வாழும் ஒரு முதியவரின் இளம் மனைவி. ஓரிரவு அவள் பாபுவிடம் வருகிறாள். அதன் பின்னர் அவன் யமுனாவுக்குத் துரோகம் செய்துவிட்டதாக உருகுகிறான். தங்கம்மாவை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். நான் பதில் சொல்ல முயன்றேன். அவளுடைய முடிவு எப்படி வந்தது என்பதுகூட எனக்குச் சரியாக நினைவு வரவில்லை. "அது பாபுவின் வளர்ச்சியில் ஒரு கட்டம்" என்று ஏதோ சொன்னேன். அந்த ஆசிரியை, "அவளின்ரை சாவு அவன்ரை வளர்ச்சியோ சேர்?" என்றார். சபையில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பெரியப்பாவின் கட்டை எடுத்துப் பார்த்தேன். இல்லாமற்போன பக்கங்கள் தங்கம்மாவுக்கு உரியவை. கறையான் அரித்திருந்தால் விளிம்பு அப்படி நேராக இராது. அடுத்த நாள் பெரியம்மாவிடம் கேட்டேன். தொண்ணூறை நெருங்கிய நிலையிலும் நினைவு தெளிவாக இருந்தது. "அதை அவர்தான் கத்தரிக்கோலாலை வெட்டினவர். வீட்டிலை குமருகள் இருக்கினம் எண்டு. நாங்கள் அதுக்கு முதலே பக்கத்து வீட்டிலை வாங்கி வாசிச்சுப்போட்டம்" என்றார். பின்னர் சற்று நேரம் கழித்து, "அந்தப் பிள்ளைக்காக நானும் என்ரை தங்கச்சியும் கிணத்தடியிலை இருந்து அழுதனாங்கள்" என்றார்.

எனது பல்கலைக்கழகப் பிரதியில் ஒரு பக்கமும் குறையவில்லை. ஓரங்களில் நான் பென்சிலால் எழுதிய குறிப்புகள் நிறைய உண்டு. தங்கம்மா வரும் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஓரங்கள் வெறுமையாகவே இருந்தன.