செம்பவாங் மேம்பாலத்தை யார் கட்டுவது? குறைந்த விலை சொன்னா மட்டும் போதுமா?

செம்பவாங் பக்கம் பேருந்தில் போறவங்களுக்கு அந்தக் காட்சி பழகிப் போயிருக்கும். கம்பாஸ் அவென்யூ, செம்பவாங் ரோடு ஓரமாக நீளும் தடுப்பு வேலி, பாரந்தூக்கிகள், பாதி எழும்பி நிற்கும் கான்கிரீட் தூண்கள். அங்கே உருவாகிறது வடக்கு–தெற்கு வழித்தடம்.

மொத்த நீளம் 21.5 கிலோமீட்டர். அட்மிரல்டி ரோடு வெஸ்ட்டில் தொடங்கி உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈசூன், அங் மோ கியோ வழியாக நகரத்துக்குள் வந்து ஈசிபி விரைவுச்சாலையில் சேரும். வடக்கே மேம்பாலம், தெற்கே 12.3 கிலோமீட்டர் சுரங்கப்பாதை. மேம்பாலம் 2027இலிருந்தும் சுரங்கம் 2029இலிருந்தும் திறக்கப்படும் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்துள்ளது.

இந்தச் சாலைக்காக விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு. லிட்டில் இந்தியாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த, வண்ணம் பூசிய ரோச்சோர் சென்டர் நினைவிருக்கிறதா? அந்த 4 வீவக புளோக்குகளும் இந்தத் திட்டத்துக்காக எடுத்துக்கொள்ளப்படும் என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் அவை இடிக்கப்பட்டன.

இவ்வளவு பெரிய வேலையை யார் செய்யணும் என்று யார் முடிவு பண்றாங்க? அதற்கான வழிதான் ஏலக்குத்தகை. பேச்சில் நாம் சொல்லும் ‘டெண்டர்’.

ஏலக்குத்தகை என்றால் என்ன?

ஏலம் என்றதும் விலையை ஏற்றிக்கொண்டே போவது ஞாபகம் வரும். இங்கே கதை தலைகீழ். வாங்குபவர் ஒருவர்தான், அரசாங்கம். விற்பவர்கள் பலர். “இந்தப் பாலத்தை, இந்த வரைபடப்படி, இந்தத் தேதிக்குள் கட்டித் தர எவ்வளவு கேட்பீர்கள்?” என்று அரசாங்கம் கேட்கிறது. குத்தகை நிறுவனங்கள் தங்கள் விலையையும் வேலைத் திட்டத்தையும் ஒரே கெடுவுக்குள் சமர்ப்பிக்கின்றன. ஒருவர் சொன்ன விலை, கெடு முடியும்வரை மற்றவருக்குத் தெரியக்கூடாது.

சிங்கப்பூர் அரசாங்கம் பொருள்களையும் சேவைகளையும் வாங்குவதற்கான அறிவிப்புகள் ‘ஜீபிஸ்’ என்னும் இணையவாசலில் வெளியாகின்றன. 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வாசல் அது. அழைப்பு மூன்று வகை:

• திறந்த ஏலக்குத்தகை: தகுதியுள்ள எவரும் கலந்துகொள்ளலாம்.
• தெரிவுசெய்யப்பட்ட ஏலக்குத்தகை: முதலில் தகுதி பார்த்துச் சிலரைத் தெரிவுசெய்து, பிறகு அவர்களிடம் மட்டும் விலை கேட்பது.
• வரையறுக்கப்பட்ட ஏலக்குத்தகை: ஒருவரையோ சிலரையோ நேரடியாக அழைப்பது. இதற்குத் தக்க காரணம் வேண்டும்.

சிங்கப்பூர் 1997இல் உலக வர்த்தக நிறுவனத்தின் அரசாங்கக் கொள்முதல் உடன்பாட்டில் சேர்ந்தது. அதனால், உடன்பாட்டின் வரம்பைத் தாண்டும் பெரிய கட்டுமான வேலைகளில் மற்ற உறுப்பு நாடுகளின் நிறுவனங்களுக்கும் சம வாய்ப்பு தரணும். வடக்கு–தெற்கு வழித்தடத்தில் வெளிநாட்டு நிறுவனங்களின் பெயர்களைப் பார்க்கிறீர்கள் என்றால், அதற்கு இதுவும் ஒரு காரணம்.

யார் வேணும்னாலும் பாலம் கட்டலாமா?

முடியாது. பொதுத் துறையின் கட்டுமான வேலைக்கு விலை சொல்லணும்னா, முதலில் கட்டட, கட்டுமான ஆணையத்தின் குத்தகையாளர் பட்டியலில் பதிந்திருக்கணும். கட்டடங்களுக்கு ‘சிடபிள்யூ01’ பிரிவு. சாலை, பாலம், சுரங்கம் போன்றவற்றுக்கு ‘சிடபிள்யூ02’ பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் ‘ஏ1’ முதல் ‘சி3’ வரை நிலைகள் உண்டு. மூலதனம், செய்து முடித்த வேலைகள், தகுதிபெற்ற பொறியாளர்கள் ஆகியவற்றைப் பார்த்து நிலை தருவார்கள். ஏ1 நிலையில் இருப்பவர்களுக்கு விலை வரம்பு கிடையாது. கீழே இறங்க இறங்க, எவ்வளவு பெரிய வேலைக்கு விலை சொல்லலாம் என்ற வரம்பும் இறங்கும்.

21.5 கிலோமீட்டரையும் ஒரே நிறுவனத்திடம் கொடுக்கவில்லை. வழித்தடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் குத்தகை. ஒரு நிறுவனம் தடுமாறினாலும் முழுத் திட்டமும் நின்றுபோகாது. கூடுதல் நிறுவனங்களுக்கும் வாய்ப்பு கிடைக்கும்.

கம்மி விலை சொன்னவருக்குத்தானே வேலை?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சிங்கப்பூரில் பொதுத் துறைக் கட்டுமானத்துக்கு ‘விலை–தர முறை’ என்ற கணக்கு 2005 முதல் இருக்கிறது. விலைக்குச் சில மதிப்பெண், தரத்துக்குச் சில மதிப்பெண். இரண்டையும் கூட்டி யார் முந்துகிறார் என்று பார்ப்பார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். விலைக்கு 60, தரத்துக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். (உண்மையில் இந்தப் பங்கு திட்டத்துக்குத் திட்டம் மாறும்.)

• ‘அ’ நிறுவனம்: விலை 90 மில்லியன் வெள்ளி, தர மதிப்பீடு 60.
• ‘ஆ’ நிறுவனம்: விலை 100 மில்லியன் வெள்ளி, தர மதிப்பீடு 90.

ஆகக் குறைந்த விலை சொன்ன ‘அ’வுக்கு விலைக்கான 60 மதிப்பெண்ணும் கிடைக்கும். ‘ஆ’வுக்கு 90ஐ 100ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் 54. தரத்தில் ஆக உயர்ந்த ‘ஆ’வுக்கு முழு 40. ‘அ’வுக்கு 60ஐ 90ஆல் வகுத்து 40ஆல் பெருக்கினால் 26.7. கூட்டிப் பாருங்கள்: ‘அ’ 86.7, ‘ஆ’ 94. பத்து மில்லியன் வெள்ளி கூடுதலாகக் கேட்ட ‘ஆ’வுக்கே வேலை.

ஆக, முக்கியமான முடிவு ஒன்று, யாரும் விலை சொல்வதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. எதற்கு எத்தனை மதிப்பெண் என்று ஏலக்குத்தகை ஆவணத்தில் எழுதும்போதே, எப்படிப்பட்ட நிறுவனம் ஜெயிக்கும் என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

இதெல்லாம் எனக்கு எதுக்கு?

2017 ஜூலை 14, விடியற்காலை. அப்பர் சாங்கி ரோடு ஈஸ்ட் அருகே, தீவு விரைவுச்சாலையுடன் இணைய வேண்டிய மேம்பாலத்தில் ஊழியர்கள் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. வெளிநாட்டு ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். 10 பேர் காயமடைந்தார்கள்.

அந்தக் குத்தகையின் மதிப்பு 94.6 மில்லியன் வெள்ளி. வந்த விலைகளில் ஆகக் குறைந்தது அதுதான். விபத்துக்குப் பிறகு, “மலிவான விலைதான் காரணமா?” என்ற கேள்வி எழுந்தது. நீதிமன்றத்தில் வெளிவந்த காரணம் வேறு. தூணின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்து, மேலிருக்கும் பாரத்தைத் தாங்க வேண்டிய கான்கிரீட் தாங்கிகளின் சுமைக் கணக்கு தவறாக இருந்தது. விரிசல்கள் தெரிந்த பிறகும் வேலை தொடர்ந்தது. வடிவமைப்புக்குப் பொறுப்பாக இருந்த பொறியாளருக்கு 2019இல் 6 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அதனால் ‘குறைந்த விலை என்றாலே ஆபத்து’ என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது. திறமையாகத் திட்டமிட்டு, நல்ல இயந்திரங்களைப் பயன்படுத்தியும் ஒரு நிறுவனம் விலையைக் குறைக்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. நிறுவனம் சொல்லும் ஒரே விலைக்குள்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது: இரும்பு, சிமெண்ட், சரிபார்க்க வேண்டிய பொறியாளரின் நேரம், பாதுகாப்பு அதிகாரியின் சம்பளம், “விரிசல் விட்டிருக்கு, வேலையை நிறுத்துங்க” என்று சொன்னால் வரும் தாமதச் செலவு. விலை ரொம்ப இறுக்கமாக இருந்தால், அந்த ‘நிறுத்துங்க’ என்ற சொல்லைச் சொல்வது கஷ்டம்.

பாதுகாப்புக்கு எத்தனை மதிப்பெண்?

2024 ஏப்ரல் முதல் பொதுத் துறைக் கட்டுமான ஏலக்குத்தகைகளில் விதிகள் கடுமையாகியுள்ளன.

• வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கு மதிப்பீட்டில் குறைந்தது 5 விழுக்காடு ஒதுக்கணும்.
• பாதுகாப்பு மீறல்களுக்காக 25 அல்லது அதற்கு மேற்பட்ட குற்றப் புள்ளிகளைச் சேர்த்த நிறுவனம், தற்காலிகமாகப் போட்டியிலேயே கலந்துகொள்ள முடியாது.
• 50 மில்லியன் வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள குத்தகைகளில், பாதுகாப்பாக வேலை செய்யும் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை உண்டு.

அதே ஆண்டு ஜூன் முதல், 5 மில்லியன் வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் கண்காணிப்புக் கேமராவும் கட்டாயம்.

வெறும் 5 விழுக்காடா என்று தோணுதா? மேலே போட்ட கணக்குக்கே திரும்புவோம். 60 மதிப்பெண்ணில் 5ஐ இழப்பது, 90 மில்லியன் வெள்ளிக்குப் பதில் ஏறக்குறைய 98 மில்லியன் வெள்ளி கேட்பதற்குச் சமம். பாதுகாப்பில் முழு மதிப்பெண் வாங்கிய நிறுவனம், அதில் பூஜ்யம் வாங்கிய போட்டியாளரைவிட 8 மில்லியன் வெள்ளி கூடுதலாகக் கேட்டும் சமமாக நிற்க முடியும். ஆனால் எல்லா நிறுவனங்களுக்கும் பாதுகாப்பில் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் போட்டுவிட்டால், அந்த 5 விழுக்காடு இருந்தும் இல்லாத மாதிரிதான். பாரபட்சமின்றி, வித்தியாசம் தெரியும்படி மதிப்பெண் போடுவதில்தான் விஷயம் இருக்கிறது.

தில்லுமுல்லு நடக்காதா?

நடந்திருக்கிறது. இரண்டு வழிகளில் அது வரும்.

ஒன்று, போட்டியாளர்களே கூடிப் பேசி, “இந்தத் தடவை நீ, அடுத்த தடவை நான்” என்று விலையை முன்கூட்டியே முடிவு செய்வது. அது போட்டித்தன்மைச் சட்டத்துக்கு எதிரானது. 2008இல் 6 பூச்சி ஒழிப்பு நிறுவனங்களுக்கு இதற்காக அபராதம் விதிக்கப்பட்டது. 2020இல் கட்டுமான, பராமரிப்பு வேலைகளில் இப்படிச் செய்த நிறுவனங்களும் தண்டிக்கப்பட்டன.

இன்னொன்று லஞ்சம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முன்னாள் மூத்த அதிகாரி ஒருவர், குத்தகையாளர்களிடமிருந்தும் துணைக் குத்தகையாளர்களிடமிருந்தும் ஏறக்குறைய 1.24 மில்லியன் வெள்ளியைக் ‘கடன்’ என்ற பெயரில் லஞ்சமாக வாங்கியதற்காக, 2021இல் ஐந்தரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஊரில் எப்படி?

தமிழ்நாட்டில் இதை ‘ஒப்பந்தப்புள்ளி’ என்பார்கள். அதற்கென 1998ஆம் ஆண்டின் வெளிப்படைத்தன்மைச் சட்டமே இருக்கிறது. அங்கே நடைமுறை கொஞ்சம் வேறு. முதலில் தொழில்நுட்பத் தகுதியைப் பார்ப்பார்கள். அதில் தேறியவர்களில், மதிப்பீட்டின்படி ஆகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. தேர்வில் ‘பாஸ்’ ஆகிவிட்டால் போதும், 60 வாங்கியவருக்கும் 90 வாங்கியவருக்கும் வித்தியாசம் இல்லை.

அதன் குறையை வேறு வழியில் ஈடுசெய்யப் பார்க்கிறது இந்தியாவின் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம். 2000 டிசம்பர் 25இல் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில், சாலை போட்ட ஒப்பந்ததாரரே 5 ஆண்டுகளுக்கு அதைப் பராமரிக்கணும். மட்டமாகப் போட்டால் குழியை நிரப்பும் வேலை அவருக்கே திரும்பி வரும். அடுத்த முறை தாத்தா பாட்டி ஊருக்குப் போகும்போது சாலையோர அறிவிப்புப் பலகையைக் கவனியுங்கள். செலவு, ஒப்பந்ததாரர், பராமரிப்புக் காலம் எல்லாம் அதில் எழுதியிருக்கணும்.

வேலை செய்பவருக்குக் காசு எப்போது?

குத்தகையை வென்ற நிறுவனம் எல்லா வேலையையும் தானே செய்யாது. கம்பி கட்ட ஒருவர், சாரம் போட ஒருவர் என்று துணைக் குத்தகைகள் பிரிந்துகொண்டே போகும். மேலே பணம் தாமதமானால், அது கீழே சம்பளம் வரை வந்து இடிக்கும். நம் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கும் அண்ணன்கள் பலர் அந்தச் சங்கிலியின் கடைசியில் இருப்பவர்கள்.

இதற்காக, கட்டுமானத் துறையில் பணம் பெறும் உரிமையைப் பாதுகாக்கும் சட்டம் 2005 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. “எனக்கு மேலிருந்து காசு வந்தால்தான் உனக்குத் தருவேன்” என்று துணைக் குத்தகையாளரிடம் போடும் நிபந்தனை அந்தச் சட்டத்தின்படி செல்லாது.

நீங்க என்ன பார்க்கலாம்?

ஜீபிஸ் தளத்தில் ‘நிலப் போக்குவரத்து ஆணையம்’ என்பதன் ஆங்கிலப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். எந்த வேலைக்கு அழைப்பு வந்துள்ளது, யாருக்கு, எவ்வளவுக்குக் கொடுக்கப்பட்டது என்று பார்க்கலாம். வென்ற விலைக்கும் மற்ற விலைகளுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், ஏன் என்று கேட்பது நியாயமான கேள்வி. வழக்கத்துக்கு மாறாக விலை குறைவாக இருந்தால், அந்தத் தொகைக்கு எப்படி வேலையை முடிப்பீர்கள் என்று நிறுவனத்திடம் விளக்கம் கேட்க உலக வர்த்தக நிறுவனத்தின் உடன்பாடே இடம் தருகிறது.

செம்பவாங் வழியாகப் போகும்போது, உயரத்தில் பாதுகாப்பு வார் மாட்டாமல் யாராவது வேலை செய்வதைப் பார்த்தால், மனிதவள அமைச்சின் ‘ஸ்நேப்சேஃப்’ வழியாகப் படம் எடுத்துத் தெரிவிக்கலாம். நடந்துபோகும் பொதுமக்களும் புகார் கொடுக்கலாம். அந்தத் தளத்தில் வேலை செய்பவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.