டில்லி நினைவுகள்: பதர்பூரில் நின்ற லாரியும் பச்சை நம்பர் பிளேட்டும்

2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம். சென்னையிலிருந்து டில்லிக்கு மாற்றலாகி, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நானும் என் மனைவியும் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் சாமான்களை ஏற்றிவந்த நாமக்கல் லாரி காலையிலேயே பதர்பூர் எல்லைக்கு வந்துவிட்டது. ஆனால் வீட்டு வாசலுக்கு வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. கனரக லாரிகள் பகலில் நகருக்குள் நுழையக் கூடாது என்ற தடை நடைமுறைக்கு வந்து அப்போது அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

பொறுக்க முடியாமல் மதியம் பஸ் பிடித்து எல்லைக்கே போய்விட்டேன். கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள். நம்மூர் டிரைவர் லாரி நிழலில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார். "ஓட்டுறதுக்குக் கூலி இருக்கு சார். நிக்கிறதுக்கு யாரு தருவா?" என்றார்.

டில்லி அரசாங்கம் மின்சாரச் சரக்கு வண்டிகளை ஊக்குவித்த கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது.

கதை 1985-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு வழக்கறிஞர் எம்.சி.மேத்தா டில்லியின் வாகனப் புகையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 1998 ஜூலை 28-ல் வந்த உத்தரவை டில்லிவாசிகள் மறக்க மாட்டார்கள். 15 ஆண்டுக்கு மேற்பட்ட வணிக வாகனங்கள் ஓடக் கூடாது, நகரப் பேருந்துகள் எல்லாம் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்றது நீதிமன்றம். ஆட்டோக்களும் மாறின. சி.என்.ஜி. நிரப்ப மைல் கணக்கில் நின்ற வரிசைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வெளிமாநில லாரியை எப்படி மாற்றுவது? அதனால் அதைப் பகலில் நிறுத்திவைத்தார்கள். பகல் புகை இரவுக்குப் போயிற்று, அவ்வளவுதான். குளிர்காலத்தில் என் மகளுக்கு வீசிங் வருவதும் இரவு இரண்டு மணிக்குத்தான்.

அடுத்தது பணம். 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், டில்லிக்குள் நுழையும் லாரிகளுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் விதித்தது. சிறியவற்றுக்கு 700 ரூபாய், பெரியவற்றுக்கு 1,300. இரண்டே மாதத்தில் அது 1,400, 2,600 என்று இரட்டிப்பானது. டில்லியைக் குறுக்குவழியாகப் பயன்படுத்திய லாரிகளுக்காக 2018-ல் கிழக்கு, மேற்குப் புறவழி விரைவுச் சாலைகளும் திறக்கப்பட்டன. இவற்றால் வெளியூர் லாரிகளைக் கொஞ்சம் ஒதுக்க முடிந்தது. ஆனால் நகருக்குள்ளேயே கடைக்குக் கடை சரக்குப் போடும் சிறு வண்டிகள் டீசலிலும் சி.என்.ஜி.யிலும் ஓடிக்கொண்டேதான் இருந்தன. நாம் குட்டி யானை என்கிறோமே, அதே வண்டியை டில்லிக்காரர்கள் சோட்டா ஹாத்தி என்பார்கள். அர்த்தமும் அதேதான்!

2020 ஆகஸ்டில் டில்லி அரசு தன் மின்வாகனக் கொள்கையை வெளியிட்டது. முதல் 10,000 மின்சாரச் சரக்கு வண்டிகளுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம். சாலை வரி, பதிவுக் கட்டணம் இரண்டும் கிடையாது. மின்சார வண்டிகளுக்குப் பெர்மிட்டே வேண்டாம் என்று மத்திய அரசு 2018-லேயே சொல்லியிருந்தது. எல்லாம் நல்ல சலுகைகள்தான். ஆனால் என் கணிப்பில், வியாபாரிகளை அசைத்தது 2021-ல் வந்த இன்னொரு சலுகை. காலை, மாலை நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டிகளுக்கு மூடப்பட்டிருந்த சுமார் 250 சாலைகளில் மின்சாரச் சிறு வண்டிகள் மட்டும் போகலாம், நிற்கலாம் என்று அனுமதித்தார்கள்.

இதற்கு அரசாங்கத்துக்குப் பைசா செலவில்லை. ஆனால் கடைக்காரருக்குச் சரக்கு வேண்டியதே கடை திறக்கும் நேரத்தில்தான். தடை நேரம் முடியும்வரை தெருமுனையில் காத்திருக்கும் டீசல் வண்டிக்காரருக்கு அரை நாள் வருமானம் போய்விடும். மின்சார வண்டிக்காரர் அதற்குள் முதல் நடையை முடித்துவிடுவார். நிற்பதற்கு யார் கூலி தருவார் என்ற கேள்விக்கு, ஒரு வகையில், இருபது வருடம் கழித்துக் கிடைத்த பதில் இது.

இரண்டு வருடத்துக்கு முன் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, லாஜ்பத் நகர் மார்க்கெட்டில் காலை ஒன்பதரைக்கு ஒரு சிறு வண்டி சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றது. பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வாடகை மின்வண்டிக்கு அதுதான் அடையாளம். "மானியம் முதலாளிக்குப் போயிற்று, எனக்குக் கிடைத்தது நேரம்" என்று டிரைவர் ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார்.

பெரிய லாரியின் கதை வேறு. அதன் விலை டீசல் லாரியைப் போல இரண்டு மூன்று மடங்கு. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிகளுக்கென்று 500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2025 ஜூலையில் வந்த விதிகளின்படி ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் கிடைக்கும். நாடு முழுவதற்கும் இலக்கு சுமார் 5,600 லாரிகள், அதில் டில்லிக்கு 1,100. பழைய லாரியை உடைத்த சான்றிதழ் காட்டினால்தான் பணம். ஒரே லாரியை வைத்துக் குடும்பம் நடத்துபவர் அதை உடைத்துவிட்டு, மீதிப் பணத்துக்கு எங்கே போவார்? அதுவும் நாமக்கல்லிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வருபவர் வழியில் எங்கே சார்ஜ் ஏற்றுவார்?

டில்லியின் காற்று இன்னும் சரியாகவில்லை. ஆனாலும் 2000-லிருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். தடை போட்டபோது லாரிகள் இரவுக்கு ஒதுங்கின. கட்டணம் போட்டபோது அது சரக்கு விலையில் ஏறியது. சரியான வண்டிக்குப் பகலில் வழி விட்டபோதுதான் வண்டியே மாறத் தொடங்கியது.

நம் தமிழ்நாட்டிலும் 2019 கொள்கையிலிருந்து மின்வாகனங்களுக்குச் சாலை வரி விலக்கு இருக்கிறது. லாரிகளோடு நகரம் படும் பாடும் நமக்குப் புதிதல்ல. கொத்தவால்சாவடிச் சந்தையை 1996-ல் கோயம்பேட்டுக்கே தூக்கிக்கொண்டு போனவர்கள் நாம். உங்கள் ஊர்க் கடைத்தெருவில் பச்சைப் பலகை வைத்த குட்டி யானை வந்துவிட்டதா? வந்திருந்தால் டிரைவரிடம் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். எனக்கும் எழுதுங்கள்.