பரோக் கால சமயச் செதுக்கோவியம்: ரூபென்ஸும் வோர்ஸ்டர்மானும்

பரோக் கால சமயச் செதுக்கோவியம் என்பது, 17 ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கிறித்தவ சமயக் காட்சிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்ட கலையாகும். இதன் முதன்மையான மையங்களுள் ஒன்று, இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆண்ட்வெர்ப் நகரம்.

பின்னணி

திருவுருவங்கள் மக்களுக்குச் சமயத்தைக் கற்பிக்கப் பயன்படும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1563 இல் அறிவித்தது. மூன்றே ஆண்டுகளில், உருவ வழிபாட்டை எதிர்த்த சீர்திருத்தவாதிகள் ஆண்ட்வெர்ப் தேவாலயங்களின் சிலைகளையும் ஓவியங்களையும் உடைத்தனர். 1585 இல் நகரம் மீண்டும் ஸ்பானிய கத்தோலிக்க ஆட்சிக்கு உட்பட்டது. அதன்பின் புதிய சமய ஓவியங்களுக்குத் தேவை பெருகியது. தேவாலய ஓவியத்தைக் காண மக்கள் நேரில் செல்ல வேண்டும். அச்சுப்படமோ அவர்களைத் தேடிச் சென்றது.

செய்முறை

மெருகேற்றிய செப்புத் தகட்டில், பியூரின் எனப்படும் எஃகுச் சிற்றுளியை முன்னோக்கித் தள்ளிக் கோடுகள் செதுக்கப்பட்டன. வளைகோடு வேண்டுமெனில், உளியைவிடத் தகட்டையே திருப்புவார்கள். உளி ஆழமாக இறங்கினால் கோடு தடித்துக் கருமையாகும். மேலோட்டமாகச் சென்றால் மெலியும். குறுக்குக் கோடுகளால் நிழல் உண்டாக்கப்பட்டது. பின்னர் மை பூசி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளை அச்சுப்பொறியில் அழுத்துவார்கள். பள்ளங்களில் தங்கிய மை தாளில் ஏறும். படம் இடவலமாக மாறிப் பதியும் என்பதால், செதுக்குபவர் அதை முன்கூட்டியே கருத்தில் கொள்ள வேண்டும்.

ஓவியரும் செதுக்குநரும்

ஓவியர் பீட்டர் பவுல் ரூபென்ஸ், தம் ஓவியங்களைச் செதுக்க லூக்காஸ் வோர்ஸ்டர்மானை அமர்த்தினார். ஆண்ட்வெர்ப் பேராலயத்திலுள்ள 'சிலுவையிலிருந்து இறக்கப்படுதல்' ஓவியத்தை வோர்ஸ்டர்மான் 1620 இல் செதுக்கினார். வண்ணங்களின் ஒளியையும் பட்டின் மினுமினுப்பையும் அவர் கருப்புக் கோடுகளாலேயே உணர்த்தினார். ரூபென்ஸ் சோதனைப் படிகளைத் தாமே திருத்தினார்; பிறர் நகலெடுப்பதைத் தடுக்க 1619, 1620 ஆம் ஆண்டுகளில் பல அரசுகளிடம் தனியுரிமையும் பெற்றார்.

உரிமை ஓவியருக்கே இருந்தது. கடும் உழைப்போ செதுக்குநருடையது. 1622 இல் இருவருக்கும் இடையே பூசல் முற்றியது. வோர்ஸ்டர்மானிடமிருந்து ரூபென்ஸுக்குப் பாதுகாப்புக் கோரி அதிகாரிகளிடம் முறையிடும் அளவுக்கு அது சென்றது. வோர்ஸ்டர்மான் இங்கிலாந்து சென்றார். அவருக்குப்பின் பவுலஸ் பொன்டியஸ் பணியைத் தொடர்ந்தார்.

அக்காலப் படங்களின் அடியில், வரைந்தவர் பெயருடன் 'பின்க்ஸித்' என்றும், செதுக்கியவர் பெயருடன் 'ஸ்குல்ப்ஸித்' என்றும் இலத்தீனில் குறிப்பது வழக்கம். ஒரு படத்தில் இருவர் கை உண்டு என்பதற்கு அச்சொற்களே சான்று.