ஒன்றும் செய்யாத கிருமி என்று சொன்னார்கள்



வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் அழைத்தான். "சார், பால் மறந்த குட்டிங்க தீனி தின்னுது, ஆனா நாளுக்கு நாள் எலும்பாகுது. தீவனம்தான் சரியில்லைங்கறாங்க." எனக்கு உடனே ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது.

1974-ல் ஜெர்மனியில் இல்சே டிஷர் என்ற அம்மையாரின் குழு, ஆய்வகத்தில் வளர்த்த பன்றிச் சிறுநீரகச் செல்களுக்குள் ஒரு மிகச்சிறிய வைரஸைக் கண்டது. அதன் மரபுப்பொருள் வட்டமான ஒற்றை இழை என்பது 1982-ல் தெரிந்தது. அதனால் சர்க்கோவைரஸ் என்ற பெயர். பன்றிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள்; நோய் வரவில்லை. தீங்கில்லாதது என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

1991-ல் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், நல்ல சுகாதாரத்துக்குப் பேர்போன ஒரு பண்ணையில் குட்டிகள் மெலிய ஆரம்பித்தன. மூச்சிரைப்பு, வெளிறிய தோல், சிலவற்றுக்கு மஞ்சள் காமாலை. தொடை இடுக்கில் நெறி கட்டி வீங்கியிருந்தது. ஜான் ஹார்டிங் என்ற கால்நடை மருத்துவரும் கிளார்க் என்ற நோயியல் அறிஞரும் பல ஆண்டுகள் கவனித்து, இது புதிய நோய் என்று எழுதினார்கள். 1998 வாக்கில் காரணம் பிடிபட்டது. அதே சர்க்கோவைரஸின் இரண்டாவது வகை! மரபுப்பொருள் மொத்தமே சுமார் 1,768 எழுத்துகள்தான். அது நோய் எதிர்ப்புச் செல்களையே குலைத்துவிடுவதால் மற்ற கிருமிகளும் சுலபமாக நுழைந்துவிடுகின்றன. இந்த வைரஸ் மட்டும் போதாது, குட்டிகளை நெருக்கி அடைப்பது, வேறு தொற்றுகள் எல்லாம் சேர்ந்தால்தான் நோய் முற்றும் என்பதும் பிறகு புரிந்தது. பழைய திசு மாதிரிகளைத் தேடியபோது 1960-களிலேயே அது பன்றிகளில் இருந்திருக்கிறது. முப்பது வருஷம் யார் கண்ணிலும் படவில்லை!

இதோடு இன்னொரு நோயும் சேர்ந்துகொண்டது. சற்று வளர்ந்த பன்றிகளின் பின்னங்கால், பின்புறம், காது ஆகிய இடங்களில் செந்நீலத் திட்டுகள். உள்ளே சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கும். பிரிட்டனில் 1993-ல் முதலில் விவரித்தார்கள். பார்வைக்கு அப்படியே பன்றிக் காய்ச்சல் மாதிரி. (2009-ல் மனிதர்களுக்கு வந்த காய்ச்சலை இதோடு குழப்பாதீர்கள். இது பன்றிகளை மட்டும் தாக்கும் பழைய கொள்ளைநோய்.)

அங்கேதான் ஏமாந்தார்கள். 2000-ல் கிழக்கு இங்கிலாந்தில் உண்மையான பன்றிக் காய்ச்சலே வந்தபோது, "வழக்கமான மெலிவும் திட்டும்தானே" என்று ஆரம்பத்தில் நினைத்துவிட்டார்கள். ஆகஸ்டில் உறுதியாவதற்குள் நோய் பரவியிருந்தது. 16 பண்ணைகளில் தொற்று. பல்லாயிரம் பன்றிகளைக் கொன்றார்கள். அந்த விவசாயிகள் மூச்சு விடுவதற்குள், 2001 பிப்ரவரியில் கோமாரி வந்து சேர்ந்தது.

2004-ல் ஐரோப்பாவில் தாய்ப்பன்றிகளுக்கும், 2006-ல் வட அமெரிக்காவில் குட்டிகளுக்கும் தடுப்பூசி வந்தது. சாவு மளமளவென்று குறைந்தது.

அந்த முதல் வகை சாதுதான். 2010-ல் குழந்தைகளுக்கான ஒரு ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தில் அதன் துணுக்குகள் தென்பட்டு, அமெரிக்காவில் சில வாரம் நிறுத்தினார்கள். தீங்கில்லை என்று கண்டு மறுபடி அனுமதித்தார்கள். பேரப்பிள்ளை வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம்.

அந்த மாணவனுக்கு: தம்பி, தீவனத்தை மாற்றிக்கொண்டே நாளைக் கடத்தாதே. செத்த குட்டி ஒன்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, பிரேதப் பரிசோதனைக்கும் ஆய்வகச் சோதனைக்கும் ஏற்பாடு செய். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் போன் பண்ணு.